பூவைக் காட்டிய கேமரா

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் தன்பாலின இணையரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரவுத் தொடர்களைப் பற்றி விரிவாக எழுதியவர், மதிய நேர சோப் ஓப்பராக்களை ஒரே பத்தியில் முடித்துவிட்டார். முதல் முத்தம் இந்த ஆண்டு, முதல் திருமணம் அந்த ஆண்டு என்று ஒரு வரிசை. வீட்டுப் பெண்கள் பார்க்கும் நாடகங்களே இவ்வளவு துணிந்துவிட்டன என்று கடைசியில் ஒரு பாராட்டு. அந்த நாடகங்களில் ஒன்றைத் தினமும் உட்கார்ந்து பார்த்தவள் நான். அந்தப் பாராட்டு பாதி உண்மைதான் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2006 கடைசியில் நியூ ஜெர்சிக்கு வந்தேன். வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசா, அப்போது அதில் வேலைக்குப் போக முடியாது. மதியம் இரண்டு மணிக்கு சிபிஎஸ் சேனலில் ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ ஓடும். 1956இல் தொடங்கிய தொடர். சோப்பு விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனிதான் அதைத் தயாரித்தது. சோப் ஓப்பரா என்ற பெயரே இப்படிப்பட்ட கம்பெனிகளால் வந்ததுதான். ஓக்டேல் என்று ஒரு கற்பனை ஊர். அங்கே லூக் ஸ்னைடர் என்று ஒரு பையன். அவன் தொடருக்குள்ளேயே பிறந்தவன். அவனுடைய அப்பா அம்மா காதலித்தது, பிரிந்தது, மறுபடி சேர்ந்தது எல்லாவற்றையும் பார்த்து வளர்ந்த நேயர்கள் இருந்தார்கள். தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கிறது என்று 2006இல் அவன் வீட்டில் சொன்னபோது, எங்கிருந்தோ வந்த புதுப் பாத்திரம் சொன்னதுபோல இல்லை. தெரிந்த வீட்டுப் பிள்ளை சொன்னதுபோல இருந்தது. அடுத்த வருடம் நோவா வந்தான். 2007 ஆகஸ்ட் 17 அன்று இருவரும் முத்தமிட்டுக்கொண்டார்கள். கட்டுரையாளர் குறித்துவைத்திருக்கும் தேதி அதுதான்.

அதற்குப் பின் நடந்ததை அவர் எழுதவில்லை. அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் என்ற மதப் பழமைவாத அமைப்பு, கம்பெனிக்குப் புகார் அனுப்பும்படி தன் ஆட்களைத் தூண்டியது. கதை நிற்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு செப்டம்பர் முதல் 2008 ஏப்ரல் வரை, ஏறக்குறைய ஏழு மாதம், அந்த இருவருக்கும் ஒரு முத்தம்கூடக் கிடையாது. கட்டிப்பிடிப்பார்கள், தோளைத் தட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ரசிகர்கள் நாள் கணக்கு எண்ண ஆரம்பித்தார்கள். காதலர் தினத்து எபிசோடில் ஊரில் உள்ள ஜோடிகள் எல்லாரும் முத்தமிட்டார்கள், இவர்கள் இருவரைத் தவிர.

2007 அக்டோபரில் திருச்சியிலிருந்து அம்மா வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தாள். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. நாடகம் பார்ப்பதற்கு அது ஒரு தடையாக இல்லை. யார் யாருக்குப் பிள்ளை, பண்ணை வைத்திருக்கும் பாட்டி யார், பணக்காரப் பாட்டி யார் என்று இரண்டே வாரத்தில் பிடித்துவிட்டாள். லூக்கையும் நோவாவையும் பார்த்து முதலில், “சிநேகிதப் பசங்களா?” என்று கேட்டாள். நான் சொன்னேன். “ம்” என்றாள். எழுந்து போகவில்லை. மறுநாளும் இரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்தாள்.

கிறிஸ்துமஸ் சமயம். மிசில்டோ என்று ஒரு தழைக்கொத்தை வீட்டுக்குள் தொங்கவிடுவார்கள். அதன் கீழே நிற்கும் இருவர் முத்தமிட்டுக்கொள்வது அங்கே வழக்கம். லூக்கும் நோவாவும் அதன் கீழே நின்றார்கள். முகங்கள் நெருங்கின. அப்போது கேமரா மெல்ல மேலே ஏறி அந்தத் தழையைக் காட்டியது. அங்கேயே நின்றுவிட்டது.

“இது என்னடி, நம்ம ஊரு பழைய படம் மாதிரி பூவைக் காட்டுறான்?” என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, “மத்தவங்களுக்கு மட்டும் நல்லா கிட்டக்க வச்சுக் காட்டுறானே” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. நம் படங்களில் இரண்டு பூ உரசினால் எந்த ஜோடிக்கும் அவமானம் இல்லை. எல்லா ஜோடிக்கும் அதே பூதான். ஓக்டேலில் பூ ஒரே ஒரு ஜோடிக்கு. ஆங்கிலம் தெரியாத ஓர் அம்மாவுக்கே அது பட்டென்று புரிந்துவிட்டது என்றால், பள்ளி விட்டு வந்து அதே நாடகத்தை ரகசியமாகப் பார்த்த பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு யோசித்தேன். உன் காதல் பரவாயில்லை, ஆனால் கண்ணில் படக்கூடாது என்றுதானே அந்தக் கேமரா சொன்னது?

மற்றத் தொடர்களிலும் கதை கிட்டத்தட்ட இதுதான். ‘ஆல் மை சில்ட்ரன்’ தொடரின் பியாங்கா, எரிக்கா கேன் என்ற புகழ்பெற்ற கதாநாயகியின் மகள். 2003இல் அவளுக்கும் லீனாவுக்கும் இடையில் வந்ததுதான் அமெரிக்க மதியத் தொடர்களில் இரண்டு பெண்களின் முதல் முத்தம். அதே ஆண்டில் அவளைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கி, அதில் கருவுற வைத்து, மாதக்கணக்கில் அழவும் வைத்தார்கள். 2009இல் அவளுக்கும் ரீஸுக்கும் நடந்த திருமணம் கட்டுரையாளரின் வரிசையில் இருக்கிறது. அந்த வாழ்க்கை எவ்வளவு சீக்கிரம் கலைந்தது என்பது இல்லை. ‘கைடிங் லைட்’ தொடரில் ஒலிவியாவும் நடாலியாவும் காதலைச் சொல்லிக்கொண்ட பிறகு, 2009 செப்டம்பரில் தொடர் முடியும்வரை ஒருமுறைகூட முத்தமிடவில்லை. ‘ஒன் லைஃப் டு லிவ்’ தொடரில் கைலுக்கும் ஃபிஷுக்கும் 2009 டிசம்பர் 30 அன்று ஒரு படுக்கையறைக் காட்சி வந்தது. சில மாதத்தில் இருவரையுமே கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ தொடரின் வில்லுக்கும் சானிக்கும் 2014 ஏப்ரலில் நல்ல முறையில் கல்யாணம் நடந்தது. அடுத்த ஆண்டே வில்லைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். 2017இல் உயிரோடு திரும்ப வரவைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

சோப் ஓப்பராவில் யாருக்குத்தான் துன்பம் இல்லை என்று கேட்கலாம். உண்மைதான். லூக்கின் அப்பா அம்மாவும் எத்தனையோ முறை பிரிந்தவர்கள். ஆனால் அவர்களுக்கு நடுநடுவே சும்மா இருக்கும் நாட்களும் கிடைத்தன. காலையில் காபி போட்டுக் கொடுப்பது, போகிற போக்கில் ஒரு முத்தம், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பேசிக்கொள்வது. வாரத்தில் ஐந்து நாள் ஓடும் கதையில் நேயரைக் கட்டிப்போடுவது அந்தச் சின்ன விஷயங்கள்தான். இந்த ஜோடிகளுக்கு அழுகையும் ஆஸ்பத்திரியும் தாராளமாகக் கிடைத்தன. அந்தச் சும்மா நாட்கள்தான் கிடைக்கவே இல்லை.

அப்படியிருந்தும் அந்த நாடகங்களை என்னால் வெறுக்க முடியவில்லை. பாராட்டில் பாதி உண்மை என்று சொன்னேனே, அது இதனால்தான்.

2013 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வாரம் என் தம்பி அம்மாவிடம் தன்னைப் பற்றிச் சொன்னான். அம்மா அவனிடம் ஒன்றும் பேசவில்லை. எனக்குப் போன் செய்தாள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: “அந்த லூக் பையன் மாதிரியா?”

“ஆமாம்மா” என்றேன்.

“அவனோட பாட்டி என்ன சொன்னா?”

பாட்டி அவன் பக்கம்தான் நின்றாள் என்று சொன்னேன். அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. தம்பியோடு முகம் கொடுத்துப் பேச அவளுக்கு இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. ஆனால் தன் மகன் சொன்னதைப் பொருத்திப் பார்க்க அவளிடம் ஒரு முகம் இருந்தது. ஆறு மாதம் தினமும் மதியம் வீட்டுக்கூடத்தில் பார்த்த ஒரு நல்ல பிள்ளையின் முகம். அதைப் பெரிய விருது வாங்கிய எந்தப் படமும் அவளுக்குக் கொடுத்திருக்காது, ஏனென்றால் அவள் அதைப் பார்த்திருக்கவே மாட்டாள்.

அதனால்தான் அந்த ஏழு மாதம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அம்மா தினமும் பார்த்த அந்த நாடகத்தில் அந்தப் பையன்களின் அன்பையும் சேர்த்துக் காட்டியிருந்தால், தம்பிக்கு அந்த ஒன்றரை வருடம் கொஞ்சமாவது குறைந்திருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ 2010 செப்டம்பர் 17 அன்று முடிந்தது. கடைசி ஆண்டில் லூக்குக்கு ரீட் என்ற மருத்துவரோடு உண்மையான ஒரு காதல் அமைந்தது. முடிவுக்குச் சில நாட்களே இருக்கும்போது ரீடின் கார் மீது ரயிலை மோதவிட்டார்கள். அவனுடைய இதயத்தை எடுத்து இன்னொருவருக்கு வைத்தார்கள். லூக் தனியாக நின்றான். அந்த வாரம் நான் அம்மாவுக்குப் போன் செய்தபோது, “அந்தப் பசங்க எப்படி இருக்காங்க?” என்று கேட்டாள். தொடர் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

மதியத் தொடர்களைப் பற்றி உங்கள் இதழ் மறுபடி எழுதும்போது இன்னும் சில பக்கங்கள் ஒதுக்குங்கள். முதல் முத்தத்தின் தேதியோடு, அதற்கும் அடுத்த முத்தத்துக்கும் நடுவில் எத்தனை மாதம் போனது என்பதையும் கட்டுரையாளர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நியூ ஜெர்சி.