பத்து நிமிடத்துக்குள் இசிஜி: அவசர சிகிச்சைப் பிரிவுக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மருத்துவமனை நலக்குழு நிதி திரட்டுகிறது என்றதும், புதுக் கட்டடமா, புது வார்டா என்று பலர் கேட்டுவிட்டார்கள். இரண்டும் இல்லை. மாரடைப்போடு வருகிறவர் வாசலுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து சரியான மருந்து அவர் உடம்பில் ஏறும்வரை ஆகிற நேரத்தைக் குறைப்பதற்குத்தான் இந்த நிதி. திறப்பு விழா நடத்தும்படி பெரிதாக எதுவும் இருக்காது, கல்வெட்டில் பெயர் பொறிக்கவும் வழியில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, குழாய் முழுக்க அடைபடுவதுதான் பெரிய மாரடைப்பு. அடைபட்ட உடனேயே தசை முழுவதும் செத்துவிடுவதில்லை. கிட்டத்தட்ட அரை மணி நேரத்தில் உட்பக்கம் சாகத் தொடங்குகிறது. அப்புறம் சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கத்துக்குப் பரவுகிறது. 1970களில் ரெய்மர், ஜென்னிங்ஸ் இருவரும் நாய்களின் இதயத்தில் செய்த ஆய்வுகள் இந்த வரிசையைக் காட்டின. செத்த தசையின் இடத்தில் தழும்புதான் மிஞ்சும். உயிர் பிழைத்தவர்கூட மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று காலம் முழுக்கச் சிரமப்படுவது இந்தத் தழும்பால்தான்.

நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. இத்தாலியில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த ஜிஸ்ஸி ஆய்வு 1986-இல் வெளியானது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து பெற்றவர்களிடம் இறப்பு மொத்தத்தில் 18 சதவீதம் குறைந்தது. வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால், குறைவு 47 சதவீதம். ஆறு மணி நேரம் கழித்துப் பெற்றவர்களிடம் தெளிவான பலன் தெரியவில்லை. மருந்து ஒன்றுதான், வித்தியாசமெல்லாம் நேரத்தில்.

இன்று பலூனால் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிதான் முதல் தேர்வு. ஆனால் அதைச் செய்வதற்கான தனி அறையான கேத் லேப் நம் மருத்துவமனையில் இல்லை. அதனால் மருத்துவ வழிகாட்டு நெறிகள் சொல்லும் எல்லைகள் நமக்கு இன்னும் முக்கியமாகின்றன. வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி (இதயத்தின் மின்பதிவு) எடுத்து ஒரு டாக்டர் பார்த்துவிட வேண்டும். அடைப்பு உறுதியானதிலிருந்து 120 நிமிடத்துக்குள் கேத் லேப் உள்ள இடத்தில் குழாயைத் திறக்க முடியும் என்றால் உடனே அனுப்ப வேண்டும். முடியாது என்று தெரிந்தால், கரைக்கும் ஊசியை இங்கேயே தாமதமில்லாமல் போட்டுவிட்டு அப்புறம் அனுப்ப வேண்டும். ஊசி எல்லோருக்கும் ஆகாது. மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர், அண்மையில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் போன்றோருக்கு ஆபத்து. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சரிபார்ப்புப் பட்டியலும் கையிலேயே இருக்க வேண்டும்.

சரி, நேரம் எங்கே போகிறது? டாக்டர்களின் திறமைக் குறைவால் அல்ல. இசிஜி மெஷின் வேறு வார்டில் இருக்கும். மெஷின் வந்தால் பேப்பர் ரோல் தீர்ந்திருக்கும். இரவில் அதை எடுக்கப் பழகியவர் இருக்க மாட்டார். எடுத்த இசிஜி சந்தேகமாக இருந்தால், இதய நிபுணரை எழுப்பலாமா என்று டூட்டி டாக்டர் தயங்குவார். ஊசி மருந்து பூட்டிய ஸ்டோரில் இருக்கும், சாவி இன்னொருவரிடம் இருக்கும். ஒவ்வொன்றும் ஐந்து, பத்து நிமிடம்தான். கூட்டினால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததே சான்று. வேகமாகச் செயல்பட்ட மருத்துவமனைகள் என்ன செய்தன என்று ஆராய்ந்தபோது கிடைத்த விடைகள் சாதாரணமானவை. நிபுணருக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவு டாக்டரே கேத் லேப் குழுவை அழைப்பது, ஒரே ஒரு போன் அழைப்பில் எல்லோரையும் வரவைப்பது, ஒவ்வொரு நோயாளிக்கும் ஆன நேரத்தை எழுதி ஊழியர்களுக்கே திரும்பக் காட்டுவது, இப்படித்தான். 2006-இல் இதை ஒரு இயக்கமாகவே எடுத்துச் சென்றார்கள். வாசலிலிருந்து பலூன் வரை ஆகும் இடைநிலை நேரம் (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 2005-இல் 96 நிமிடம், 2010-இல் 64 நிமிடம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2013-இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில், மருத்துவமனைக்குள் ஆகும் நேரம் குறைந்தும், அங்கே நேரும் இறப்பு விகிதம் குறையவில்லை. காரணங்களைப் பற்றி விவாதம் உண்டு. எங்களுக்குச் சரியென்று படுவது இது: வலி தொடங்கிய கணத்திலிருந்தே கடிகாரம் ஓடுகிறது, மருத்துவமனை வாசலிலிருந்து அல்ல. வீட்டிலேயே மூன்று மணி நேரம் போய்விட்டால், உள்ளே அரை மணி நேரம் மிச்சப்படுத்தி எவ்வளவுதான் ஈடுகட்ட முடியும்? அதனால்தான் நிதியில் ஒரு பகுதியை மருத்துவமனைக்கு வெளியே செலவிடுகிறோம். குழுவில் இதற்கு எதிர்ப்பும் இருந்தது. பேசித்தான் முடிவெடுத்தோம்.

உள்ளே செய்யப்போவது: அவசரப் பிரிவு வாசலிலேயே நிற்கும் 12-லீட் (இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பதியும்) இசிஜி மெஷின், வேறு எங்கும் இரவல் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. பதிவை உடனே நிபுணருக்கு அனுப்பும் வசதி. டெனெக்டிப்ளேஸ் போன்ற கரைக்கும் ஊசி எப்போதும் கையிருப்பில் இருக்க ஒரு சுழல் நிதி. விலை அதிகமான மருந்து இது, காலாவதியாகும் முன்பே மாற்றியாக வேண்டும். பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போகும். கூடவே, மின் அதிர்ச்சி கொடுத்து இதயத்துடிப்பைச் சீராக்கும் டெஃபிபிரிலேட்டரும் வேண்டும். மாரடைப்பில் இதயத்துடிப்பு தாறுமாறாகி ஒருவர் சரிந்து விழுந்தால், சிபிஆரும் (நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) மின் அதிர்ச்சியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது.

வெளியே செய்யப்போவது: ஆம்புலன்சுக்கு ஒரு இசிஜி, ஒரு டெஃபிபிரிலேட்டர். இது புது யோசனை அல்ல. 1966-லேயே வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் இதய மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் டெஃபிபிரிலேட்டரை ஆம்புலன்சில் ஏற்றி நோயாளி இருக்கும் இடத்துக்கே அனுப்பினார். வழியிலேயே எடுத்த இசிஜி முன்னால் வந்துவிட்டால், நோயாளி வரும்போது படுக்கையும் மருந்தும் தயாராக இருக்கும்.

அப்புறம் பயிற்சி வகுப்புகள். சிபிஆர் மட்டுமல்ல, அறிகுறிகளையும் சொல்லித்தருவோம். எல்லோருக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலிப்பதில்லை. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மூச்சுத்திணறல், வியர்வை, குமட்டல், தாடை வலி, காரணமில்லாத களைப்பு என்று மட்டும் வரலாம். வாயு என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். வலியோடு தானே வண்டி ஓட்டி வருகிறவர்களும் உண்டு, அது கூடவே கூடாது.

தொகை எவ்வளவு என்றாலும் சரி, ஒருமுறை தந்தாலும் மாதாமாதம் தந்தாலும் சரி. மாதாமாதம் வருவது ஊசி மருந்தின் சுழல் நிதிக்கு ரொம்ப உதவும். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தருவோம். வரவு செலவுக் கணக்கோடு, வாசலிலிருந்து இசிஜி வரை எத்தனை நிமிடம், ஊசி வரை எத்தனை நிமிடம் என்ற கணக்கையும் காலாண்டுக்கு ஒருமுறை, நோயாளிகளின் பெயர் இல்லாமல், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். நேரம் குறையாவிட்டாலும் ஒட்டுவோம். பணம் ஏன் போதவில்லை, எங்கே தடங்கல் என்று நீங்களே கேட்கலாம்.

பணத்துக்குப் பதில் கருவியாகவே வாங்கித் தர விரும்புகிறவர்கள், வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆம்புலன்சிலும் வார்டிலும் ஒரே வகை டெஃபிபிரிலேட்டர் இருந்தால்தான் நெஞ்சில் ஒட்டும் பேட்களை மாற்றிப் போட முடியும். பழுது பார்க்க ஆள் கிடைக்காத மாடலாகவும் இருக்கக் கூடாது. பயன்படுத்திய பழைய மெஷின்களைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
மருத்துவமனை நலக்குழு