வெட்டிவேர் எந்தப் பேரினம்?

ஆர்.கே. புரம், புது டெல்லி

அன்பு மகள் யாழினிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். வெயில் ஏறிவிட்டதால் கூலருக்கு வெட்டிவேரால் முடைந்த புதிய கஸ் தட்டி மாட்டியாயிற்று. ஆய்வேட்டில் வெட்டிவேரை வெட்டிவேரியா என்று குறிப்பதா, க்ரைசோபோகன் என்று குறிப்பதா எனக் கேட்டிருந்தாய்.

1771இல் லின்னேயஸ் இதை ஃபலாரிஸ் என்ற புல் பேரினத்தில் சேர்த்தார். பின்வந்தவர்கள் ஆண்ட்ரோபோகன் என்ற வேறொரு பேரினத்துக்கு மாற்றினார்கள். 1822இல் போரி என்பவர் வெட்டிவேரியா என்று தனிப் பேரினமே அமைத்தார். சுமார் பத்துச் சிற்றினங்களே கொண்ட சிறிய பேரினம் அது.

சிக்கல் முழுவதும் சிறுகதிரில், அதாவது புல்லின் பூவைத் தாங்கும் சின்னஞ்சிறு கதிரில் இருக்கிறது. வெட்டிவேரின் கதிர்க்கிளையில், காம்பற்ற சிறுகதிர் ஒன்றும் காம்புள்ளது ஒன்றுமாகப் பல இணைகள் அடுத்தடுத்து அமைந்திருக்கும். காம்பற்றதன் உமியை லென்ஸில் வைத்துப் பார், முதுகில் நுண்ணிய முட்கள் தெரியும். க்ரைசோபோகனிலோ அந்தக் கிளை குறுகிப்போய், நுனியில் காம்பற்றது ஒன்று, காம்புள்ளவை இரண்டு என மூன்றே எஞ்சியிருக்கும். இந்த வேறுபாட்டை நம்பித்தான் இரண்டையும் பிரித்து வைத்திருந்தார்கள். ஆனால் அந்த மூன்றுக்குக் கீழே ஓரிரு இணைகள் மிஞ்சியிருக்கும் சிற்றினங்களும் உள்ளனவே, அவற்றை எந்தப் பக்கம் தள்ளுவது? எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேரினம் பிரிப்பது எனக்கு என்றுமே உடன்பாடில்லை.

1999இல் வெல்ட்காம்ப் இரண்டையும் ஒன்றாக்கினார். டிரினியஸ் சூட்டிய க்ரைசோபோகன் 1820ஆம் ஆண்டுப் பெயர், அதாவது இரண்டாண்டு மூத்தது. ஆகவே அதுவே நிலைத்தது. க்ரைசோபோகன் சிசனியாய்டிஸ் என்று பேரினத்தையும் சிற்றினத்தையும் சேர்த்த பெயரை ரோபர்ட்டி 1960இலேயே வெளியிட்டிருந்ததால் புதுப்பெயர் தேவைப்படவில்லை. நம் ஊர்ப் பெயர் போய்விட்டதே என்று அம்மாவுக்குத்தான் மனத்தாங்கல்.

ஆகவே க்ரைசோபோகன் என்றே எழுது. பழைய பெயரையும் ஒருமுறை குறித்துவிடு. வேரையும் எண்ணெயையும் பற்றிய முந்தைய கட்டுரைகளில் பெரும்பாலானவை அந்தப் பெயரில்தான் கிடைக்கும். இன்னொன்று, வட இந்தியாவில் ஈரநிலங்களில் தானாக வளரும் வகை விதை கட்டி முளைக்கிறது. தென்னாட்டில் பயிராகும் வகையில் முளைக்கும் விதை அரிது என்பதால் தூரைப் பிரித்தே நடுகிறார்கள். இரண்டும் ஒரே சிற்றினம்தான். இருந்தாலும் நீ சேகரிக்கும் ஒவ்வொரு மாதிரியும் எங்கே எடுத்தது, விதை கட்டியிருந்ததா என்பதை அதன் சீட்டிலேயே எழுதி வை.

அன்புடன்,
அப்பா