டிஎன் 43 வண்டியில வால்வ கழட்டாதீங்கண்ணா

கோயமுத்தூர், மேட்டுப்பாளையம் பக்கம் பட்டறை வச்சிருக்கற மெக்கானிக் அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம்.

ஊட்டியில இருந்து எழுதறேன், டிஎன் 43ங்கறது எங்க நீலகிரி வண்டி நம்பர். சண்டை போட வரலைங்க, உங்கள விட்டா எங்களுக்கும் வேற நாதி கிடையாது, பெரிய வேலைன்னா வண்டிய கீழ தான் கொண்டு வரணும். ஆனா வண்டி ஹீட் ஆச்சுன்னா இன்ஜின் தண்ணி சூட்ட கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட் வால்வையே கழட்டி விடறீங்களே, அந்த விஷயத்துல மட்டும் ஒரு நிமிஷம் காது கொடுங்க.

போன டிசம்பர்ல கல்லாறு தாண்டி ஏறும்போது வண்டி ஹீட் ஆச்சு. உங்கள்ல ஒருத்தர்கிட்ட விட்டேன், சாயங்காலமே "இனி இந்த வண்டி ஜென்மத்துக்கும் ஹீட் ஆகாது"ன்னு சாவிய கைல கொடுத்துட்டார். நெஜமாவே ஆகல. ஜனவரியில விடியக்காலம் அஞ்சு மணிக்கு அம்மாவ கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு கீழ கிளம்பறேன், புல்லெல்லாம் உறைபனியில வெள்ளையா கிடக்கு, ஹீட்டர ஃபுல்லா வச்சா ஐஸ் பெட்டிய திறந்த மாதிரி குளுகுளுன்னு காத்து வருது, கேத்தி வரதுக்குள்ள முன் கண்ணாடி உள்பக்கம் மொத்தமா மூடிக்கிச்சு, அம்மா துண்டால தொடைக்க தொடைக்க நான் ஜன்னல்ல தலைய நீட்டி வளைவு பாத்து ஓட்டுனேன். இங்க ஹீட்டர்ங்கறது சொகுசு இல்லண்ணா, ரோடு கண்ணுக்கு தெரியணும்னா அது வேணும்.

கூலண்ட் கம்மியா இருக்கும்னு நெனச்சேன், லெவல் சரியா தான் இருந்துச்சு. அப்புறம் தான் ஒண்ணு கவனிச்சேன், ஏத்தத்துல லேசா வெதுவெதுப்பு வருது, இறக்கத்துல செத்துப்போகுது, ஹீட் மீட்டர் ஊசி 'சி'ய (கோல்டு) விட்டு அசையவே மாட்டேங்குது. பக்கத்து வீட்ல டாக்ஸி ஓட்டற அண்ணன் வந்து பானட்ட திறந்து, இன்ஜின் ஓடும்போதே டேஷ்போர்டுக்குள்ள போற ரெண்டு ஹீட்டர் ஹோஸையும் தொட்டு பாக்க சொன்னார். இன்ஜின் சுடுதண்ணி அது வழியா வந்து தான் ஹீட்டர் காத்த சூடாக்குது, ரெண்டும் நல்லா சுட்டா தண்ணி ஒழுங்கா வருது, கோளாறு உள்ள காத்த திருப்பி விடற கதவுலயோ கேபிள்லயோ இருக்கும். ஒண்ணு சுட்டு இன்னொண்ணு சில்லுன்னு இருந்தா ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள்ள இருக்கற குட்டி ரேடியேட்டர்) அடைச்சிருக்கு, இல்லன்னா ஹீட்டர் வால்வு மூடியே கிடக்கு. என்னுதுல ரெண்டுமே டீ ஆறிப்போன சூடு. ஒரு அட்டைப்பெட்டிய கிழிச்சு ரேடியேட்டர் முன்னாடி சொருகி, ஊசி மேல ஏறிடாம பாத்துட்டே கொஞ்ச தூரம் ஓட்டுனோம், அவ்ளோ தான், ஊசி ஏறுச்சு, ஹீட்டர்ல அனல் அடிச்சுது. தெர்மோஸ்டாட் உக்கார்ற ஹவுசிங்க கழட்டி பாத்தா உள்ள வால்வே இல்ல, சுத்தியும் சிலிகான் மட்டும் அப்பி வச்சிருக்கு.

உங்க கணக்கு எனக்கு புரியாம இல்ல. ஹீட் ஆகி இன்ஜின் ஹெட் போயிட்டா கஸ்டமர் உங்க சட்டைய தான் புடிப்பான், கோயமுத்தூர்ல எவன் ஹீட்டர் போடப்போறான். ஆனா அந்த வால்வு தண்ணி சுமார் 82 டிகிரி வர்ற வரைக்கும் ரேடியேட்டர் பக்கம் விடாம நிறுத்தி வைக்கத்தானே இருக்கு. அத எடுத்துட்டா இன்ஜின் எப்பவும் அரை சூட்டுல தான் ஓடும், கம்ப்யூட்டர் இன்னும் கோல்டுன்னு நெனச்சு பெட்ரோல ஊத்தும், ஆயில்ல சேர்ற ஈரம் ஆவியா போகாது. சில இன்ஜின்ல பைபாஸ் வழிய (ரேடியேட்டருக்கு போகாம தண்ணி சுத்தற குறுக்கு வழி) மூடறதும் அதே வால்வு தான், அதுல கழட்டுனா பாதி தண்ணி ரேடியேட்டருக்கே போகாம சுத்தி ஹீட் இன்னும் தான் ஏறும்.

என் வண்டிக்கு நெஜமான வியாதி ரேடியேட்டர் ஃபேனுக்கு கரண்ட் விடற ரிலே. மலையில மெதுவா ஊர்ந்து ஏறும்போது ஃபேன் சுத்தலைன்னா ஹீட் ஆகாம என்ன பண்ணும்?

புது வால்வு ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. போடறதுக்கு முன்னாடி அம்மாவோட டீ பாத்திரத்துல தண்ணி வச்சு அடுப்புல போட்டு பாத்தோம் (திட்டு வாங்குனது தனி). ஊட்டி உயரத்துல தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிடும், ஆனாலும் 82ல திறக்கறதுக்கு அது போதும். கொதி வர்ற நேரத்துல உள்ள இருக்கற மெழுகு உருகி விரிஞ்சு, தட்டு மெல்ல மெல்ல மேல எழும்பி வாய் திறக்குது பாருங்க, அழகுண்ணா அது! காத்து வெளிய போறதுக்கு வால்வுல குட்டி ஆணி இருக்கற ஓட்டைய மேல் பக்கமா வச்சு மாட்டி, ஆறின இன்ஜின்ல கூலண்ட ஊத்தி, மூஞ்சி மேட்டுப்பக்கம் பாக்க நிறுத்தி, ஹீட்டர ஃபுல் சூட்டுல வச்சு குமிழி நிக்கற வரைக்கும் ஓட விட்டோம். ஊட்டியில மேடு தேடி அலைய வேண்டியதில்ல.

இன்னொண்ணு, லீக்க அடைக்க ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போடறத விட்ருங்கண்ணா. அது லீக்க அடைக்குதோ இல்லையோ, ஹீட்டர் கோர்ல இருக்கற பொடி பொடி குழாய போய் அடைச்சிடுது. வெறும் பைப் தண்ணி ஊத்துனா துரு சேந்து அதே கதி தான். எங்க சித்தப்பா வண்டியில கோர் ஒழுகுதுன்னு ஹீட்டருக்கு தண்ணியே போகாத மாதிரி ரெண்டு ஹோஸையும் ஒண்ணோட ஒண்ணு சேத்து கட்டி விட்ருந்தாங்க, அவர் ரெண்டு வருஷமா ஹீட்டர் சுவிட்ச திருகிட்டு இருக்கார் பாவம்.

டிஎன் 43 நம்பர் பாத்தீங்கன்னா கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணி கேளுங்க. அவசரத்துக்கு கழட்டியே ஆகணும்னா கழட்டுங்க, ஆனா பில்லுல "வால்வு இல்ல"ன்னு ஒரு வரி எழுதி, பழச ஒரு கவர்ல போட்டு டிக்கியில வச்சிடுங்க.