ரீனியத்தையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விமானங்கள் பெருகுவதைப் பற்றி எழுதும்போதெல்லாம் எரிபொருளைத்தான் பேசுகிறோம். எஞ்சினுக்குள் வேகும் உலோகத்தையும் அதில் கலக்கும் ரீனியம் என்ற அரிய உலோகத்தையும் யாரும் கண்டுகொள்வதில்லை.

எஞ்சினுக்குள் சூடான வாயு மோதிச் சுழற்றும் தகடான டர்பைன் பிளேடு ஒன்றை உற்றுப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், விளிம்பில் ஊசி குத்தியது போல வரிசையாகத் துளைகள். அதன்மேல் மோதும் வாயுவின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிளேடின் நிக்கல் கலப்புலோகமோ அதற்கு முன்பே உருகிவிடும். துளைகள் வழியே கசிந்து போர்வை போலப் படரும் காற்றும் மேற்பூச்சும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. முழு பிளேடையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

எரிபொருளை மிச்சப்படுத்த எஞ்சின் இன்னும் சூடாக ஓட வேண்டும். சரி, அதைத் தாங்கும் உலோகம்? இத்தகைய கலவைகள் பலவற்றில் 3 முதல் 6 சதவீதம் வரை ரீனியம் சேர்க்கிறார்கள். செம்புச் சுரங்கங்களில் கிடைக்கும், மாலிப்டினம் என்ற இன்னொரு உலோகத்தின் தாதுவை வறுக்கும்போது எழும் புகையிலிருந்துதான் அது பெரும்பாலும் பிடிக்கப்படுகிறது. ரீனியத்தின் தேவை கூடியது என்பதற்காக யாரும் கூடுதலாகச் செம்பு தோண்டமாட்டார்கள்.

மாற்று இல்லாமல் இல்லை. 2016இல் சேவைக்கு வந்த லீப் என்ற பயணிகள் விமான எஞ்சினில் வெப்பம் தாங்கும் பீங்கான் கூட்டுப்பொருள் இருக்கிறது. ஆனால் அது பிளேடுகளைச் சுற்றியுள்ள வளையத்தில்தான். சுழலும் பிளேடுகள் இன்னும் உலோகமே.

அதனால் கழற்றிய பழைய பிளேடுகளைச் சாதாரணப் பழைய இரும்போடு சேர்த்து உருக்கிவிடக் கூடாது. கலவைவாரியாகப் பிரித்து, ரீனியத்தை மீட்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அடுத்த முறை விமானத் துறை பற்றி எழுதும்போது இதற்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்