குறிப்புகளைக் கொடுத்தது போதும், பிள்ளைகளை யோசிக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகள் தமிழில் கட்டுரை எழுதுவதைப் பற்றி உங்கள் பத்திரிகை வழியாக ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் நூலகத்தில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளோடு உட்காருகிறவன் நான், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கட்டுரைக் கேள்வியோடு குறிப்புகளையும் சேர்த்தே கொடுத்துப் பழக்கிவிட்டோம். முன்னுரை, நீரின் தேவை, நீர்நிலைகள், நமது கடமை, முடிவுரை என்று எலும்புக்கூடு தயாராக இருக்கும், கைடில் இருக்கும் சதையை எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. அதனால்தான் எல்லாரும் 'நீரின்றி அமையாது உலகு' என்று தொடங்கி எல்லாரும் ஒரே இடத்தில் முடிக்கிறார்கள். மார்க் கிடைக்கிறது, சரி. ஆனால் என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்ற மூன்று வேலைகளையும் வேறு யாரோ செய்து கொடுத்துவிட்டார்கள், எழுத்து என்பதே அந்த மூன்று வேலைதான்.

'பேரிடர் மேலாண்மை' என்று ஒரு தலைப்பு அடிக்கடி வரும். 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள் பட்டது யாருக்கும் மறக்காது. அந்தக் கரையில் வளர்கிற பிள்ளைகூட "பேரிடர் இரு வகைப்படும்" என்று தொடங்குகிறது. வீட்டிலேயே கேட்டிருக்குமே, எச்சரிக்கை எப்போது வந்தது, அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு அது எப்படிப் போய்ச் சேரும், வள்ளத்தில் என்ன கருவி இருந்தது என்றெல்லாம். அதைக் கட்டுரையில் எழுதலாம் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

நாங்கள் நூலகத்தில் செய்வது எளிது. தலைப்பைச் சொன்னதும் கட்டுரை எழுத விடுவதில்லை. பழைய நோட்டின் பின்பக்கத்தைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டு, ஒரு துண்டில் ஒரு விஷயம் என்று மனதில் வருவதையெல்லாம் எழுதச் சொல்வோம். எழுத்துப்பிழை பார்க்கக் கூடாது, இது நல்லதா கெட்டதா என்று யோசிக்கக் கூடாது, வரிசை வேண்டாம். கை நின்றுபோனால் யார், எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று கேட்டுக்கொள்ளலாம், அப்புறமும் வரவில்லை என்றால் வீட்டில் போய் ஆச்சியிடமோ தாத்தாவிடமோ கேட்டுவிட்டு வரட்டும்.

தண்ணீர் என்ற தலைப்புக்கு வந்த துண்டுகள் இப்படி இருக்கும்: பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடித்தது. கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறப்பார்கள். எங்கள் குளம் முழுக்க ஆகாயத்தாமரை. சானலில் (பாசனக் கால்வாயில்) குப்பை. கடைமடைக்குத் தண்ணீர் வருவதில்லை. ஏலாவில் (வயல்வெளியில்) நெல்லுக்குப் பதில் வாழை. மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைக்கு 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. துண்டுகளைத் தரையில் பரப்பி, ஒன்றோடு ஒன்று சேருகிறவற்றைக் கூட்டமாக வைக்க வேண்டும். வைத்துவிட்டு, இதில் நான் சொல்ல வருவது என்ன என்று ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். "அணையில் தண்ணீர் இருந்தும் கடைமடை வயல் காய்வதற்குச் சானல் பராமரிப்பு இல்லாததே காரணம்" என்று ஒரு பிள்ளை எழுதினால், குப்பை, ஆகாயத்தாமரை, வாழை எல்லாம் தானே வரிசையில் வந்து உட்காரும். தொட்டிப்பாலம் உட்காராது. அதை எடுத்து வைத்துவிடச் சொன்னால் பிள்ளைகளுக்கு மனசே வராது, அது நம் ஊர்ப் பெருமையாயிற்றே. ஆனால் நன்னூல் பத்துக் குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்' என்று இதைத்தான் சொல்கிறது. 'சென்று தேய்ந்து இறுதல்' என்றும் ஒன்று அதில் உண்டு. முன்னுரையில் எல்லாப் பலத்தையும் செலவழித்துவிட்டுப் போகப்போக இளைத்து முடிகிற நம் பிள்ளைகளின் கட்டுரைகளைப் பார்த்தே சொன்னதுபோல இருக்கிறது. அதற்கு நான் கண்ட மருந்து, முன்னுரையைக் கடைசியாக எழுதுவது. பத்து அழகுகளில் 'முறையின் வைப்பு' என்றும் இருக்கிறது. இலக்கண வகுப்பில் இரண்டு மார்க் கேள்விக்காக இந்த இருபதையும் மனப்பாடம் செய்யும் பிள்ளை, அடுத்த பீரியடில் கட்டுரை எழுதும்போது அவற்றில் ஒன்றையும் எடுத்துப் பார்ப்பதில்லை.

எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில், இது என்ன சொல்கிறது என்று நாலு வார்த்தையில் எழுதிப் பார்க்கலாம். எழுத முடியவில்லை என்றால் அந்தப் பத்தியில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது, பிரிக்க வேண்டும்.

இது பரீட்சையோடு முடிகிற விஷயம் இல்லை. திங்கள்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளுக்கு வருகிறவர்களின் மனுக்களைப் பாருங்கள். ஒன்றரைப் பக்கம் ஊர் வரலாறு, என்ன வேண்டும் என்பது கடைசி வரியில். எந்தச் சானல், எந்த இடத்தில் அடைப்பு, என்ன செய்ய வேண்டும் என்பது முதல் இரண்டு வரியில் வந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு எப்போதிலிருந்து, முன்பு கொடுத்த மனுவின் தேதி, எத்தனை ஏக்கர் பாதிப்பு. வரிசை மாறினால் நியாயமான குறைகூட அதிகாரியின் கண்ணில் படாமல் போய்விடும்.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது, மாதத்தில் ஒரு பீரியடாவது குறிப்பு கொடுக்காமல் தலைப்பை மட்டும் கொடுங்கள், அன்றைக்குக் கட்டுரையே வாங்க வேண்டாம், துண்டுகளையும் அந்த ஒரு வாக்கியத்தையும் மட்டும் வாங்கித் திருத்துங்கள். உங்களிடமும் ஒரு கோரிக்கை. மாணவர் பக்கத்தில் கட்டுரை வெளியிடும்போது, அதை எழுதிய பிள்ளை முதலில் கிறுக்கிய தாளையும், அடித்ததும் திருத்தியதுமாக இருந்தாலும் அப்படியே, பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேரூர், கன்னியாகுமரி மாவட்டம்