பறவை நோட்டைப் பிரித்துப் பாருங்கள்

வீட்டிலிருந்தே பயிலும் குழந்தைகளின் கற்றலை மதிப்பிடும் கல்வி அலுவலர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்துவரும் தாய் நான். சென்ற மதிப்பீட்டின்போது, கொல்லைப்புறத்தில் பறவைகளைப் பார்த்து அவள் எழுதிவந்த நோட்டையும் மற்றப் பாட நோட்டுகளோடு கொண்டுவந்திருந்தோம். 'இது பொழுதுபோக்குதானே' என்று, பிரிக்காமலே அதைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அதில் இருந்தவற்றைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு பக்கத்தில், கால் மணி நேரத்துக்குள் மூன்று முறை வந்திறங்கிய சிட்டுக்குருவிகளை 7, 5, 6 என எழுதி, கூட்டி, 18 எனக் குறித்திருந்தாள். மறுவாரம் அந்த 18ஐ அவளே அடித்துவிட்டு 7 என்று திருத்தினாள். பறந்துபோன குருவிகளே திரும்பி வந்திருக்கக்கூடும் என்பதால், ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும் என்று அவளுக்கு விளங்கியிருந்தது. வட அமெரிக்காவில் குளிர்காலந்தோறும் நடைபெறும் ஃபீடர்வாட்ச் என்னும் பறவைக் கணக்கெடுப்பின் விதியும் இதுவே. எந்தக் கணக்குப் புத்தகமும் எங்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

கறுப்புத் தொண்டை உள்ள சிட்டுக்குருவியும் அது இல்லாத சிட்டுக்குருவியும் இரு வேறு பறவைகள் என்றே முதலில் எழுதிவந்தாள். இரண்டும் ஒரே கூட்டுக்குள் நுழைவதைக் கண்ட பிறகுதான் ஆணும் பெண்ணும் எனத் தெளிந்தாள். தானியம் கொத்தும் குருவி தன் குஞ்சுக்குப் புழுவை ஏன் கொண்டுபோகிறது என்ற கேள்வி அதே பக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது. வளரும் குஞ்சுக்குப் புரதம் தேவை என்னும் விடையை அவள் தேடிக் கண்டடைய நான்கு நாட்கள் ஆயின.

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கமும் 1998இல் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில், பிப்ரவரியில் நான்கு நாட்கள், குறைந்தது 15 நிமிடம் பறவைகளைப் பார்த்து எண்ணும் எவரும், குழந்தைகள் உட்பட, பங்கேற்கலாம். அறிவியலாளர்கள் தரவாக ஏற்கும் ஒன்றைக் கல்வி மதிப்பீடு ஒதுக்கித் தள்ளுவது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

ஆகவே, இத்தகைய நோட்டுகளைக் கற்றலுக்கான சான்றாக ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எத்தனை வகைப் பறவை என்பதற்கு மதிப்பெண் வழங்கிவிடாதீர்கள். வழங்கினால் குழந்தைகள் காணாத பறவையையும் எழுதத் தொடங்குவார்கள். ஏதேனும் ஒரு பக்கத்தைப் பிரித்து, 'இது உனக்கு எப்படித் தெரிந்தது?' என்று கேளுங்கள். 'பெயர் தெரியவில்லை; வால் நீளம், அலகு வளைவு' என்று எழுதிய பக்கமானால் இன்னும் நல்லது. அடுத்த மதிப்பீட்டுக்கும் அந்த நோட்டோடுதான் வருவோம்.

இப்படிக்கு,
ஒரு தாய்