கால்வாயான ஆறும் அடியில் தங்கிய சேறும்

ஆசிரியருக்கு,

ஆற்றங்கரைப் புதுநகர் என்றாலே அடுக்குமாடியும் ரயிலும்தான் பேச்சு. ஹாங்காங்கின் ஷா டின் விஷயத்தில் சேற்றையும் பேசியாக வேண்டும்.

1970களில் ஆழமற்ற கடற்கழியைத் தூர்த்து, ஷிங் முன் என்ற ஆற்றை நேரான கால்வாயாக்கி, இருகரையிலும் நகரை எழுப்பினார்கள். முதல் அரசுக் குடியிருப்பான லெக் யுவனில் 1975-ல் ஆட்கள் குடியேறினர். 2021 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 6.9 லட்சத்தைத் தாண்டியது.

சிக்கல் கால்வாயின் வடிவத்திலேயே இருந்தது. அகலம் அதிகம், மேலிருந்து வரும் நன்னீரோ குறைவு, அதை நீர்த்தேக்கம் பிடித்துக்கொள்கிறது. கடல் ஓதத்தில் (ஏற்றவற்றத்தில்) தண்ணீர் முன்னும் பின்னும் ஆடுமே தவிர, அடியில் படிந்ததை அடித்துச் செல்லாது. பன்றி, கோழிப் பண்ணைக் கழிவு சேர்ந்து ஆக்சிஜன் தீர, கடல்நீரில் கரைந்துள்ள சல்பேட்டை உண்ணும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடை வெளியிட்டது. அழுகிய முட்டை நாற்றம் அதுதான்.

புதிய கழிவைத் தடுத்தாலும் பழைய சேறு அப்படியே கிடக்கும். அள்ளினால் நாற்றம் கிளம்பும். அள்ளியதைக் கொட்ட இடமும் வேண்டும். எனவே 2000களில் கால்சியம் நைட்ரேட் கரைசலைச் சேற்றுக்குள்ளேயே செலுத்தினார்கள். நைட்ரேட் தீராமல் இருக்கும்வரை பாக்டீரியா அதையே பயன்படுத்தும், சல்பேட்டைத் தொடாது. புதுக்கழிவு வந்துகொண்டேயிருந்தால் இந்த மருந்தும் வீண்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்